தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாத கணினி

கடப்பாக்கத்தில் ஒரு வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை அதில்தான். பட்டா, சிட்டா பார்ப்பது அதில்தான். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை விடுகிற குடும்பம் என்றால் முன்பதிவும் ரசீதும் அதில்தான். வங்கிக் கணக்கும் அதே பெட்டிக்குள். ஒரு நாள் மாலை திரையின் மூலையில் சிவப்பு எச்சரிக்கை வருகிறது: ட்ரோஜன் கண்டுபிடிக்கப்பட்டது, நீக்கப்பட்டது. நிம்மதியாகக் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கிறார்கள். மறுநாள் போட்டதும் அதே எச்சரிக்கை, அதே பெயர், அதே இடம். மறுபடி நீக்கம், மறுபடி வருகை. "இந்த ஆன்ட்டிவைரஸ் சரியில்லப்பா, வேற போடு" என்கிறார் அப்பா. வேறு போட்ட பிறகும் நிலைமை மாறவில்லை.

நீக்கியதும் உண்மை, திரும்பி வந்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று தேடிப் போனால், கணினி என்ற இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதன் ஆழம் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கே கிடைக்கும் விடை, வீட்டுக் கணினிக்கும் பெரிய வங்கிக்கும் அணுமின் நிலையத்துக்கும் ஒன்றேதான்: தொற்றுக்கு ஆளான கணினி தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. சாட்சி வெளியிலிருந்து வர வேண்டும்.

நாமே ஓட்டிய நிரல்

வைரஸ், வார்ம், ட்ரோஜன் மூன்றையும் பேச்சுவழக்கில் 'வைரஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். வைரஸ் மற்றக் கோப்புகளுக்குள் தன்னை எழுதிக்கொண்டு பெருகும். வார்ம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவும். ட்ரோஜனுக்கு இந்த இரண்டும் தேவையில்லை. நமக்கு வேண்டிய ஒன்றைப் போல வேடமிட்டு வரும். அதை ஓட்டுவது நாம்தான். அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972-இல் எழுதிய கணினிப் பாதுகாப்பு அறிக்கையிலேயே இந்த ஆபத்து பெயர் சொல்லி விளக்கப்பட்டிருக்கிறது. வீடுகளில் கணினி என்ற பேச்சே இல்லாத காலம் அது.

வேடங்கள் பல. விண்டோஸ், தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் கடைசி எழுத்துகளைத் திரையில் காட்டாமல் மறைப்பது வழக்கம். அதனால் 'பில்.பிடிஎஃப்.எக்ஸி' என்று மின்னஞ்சலில் வந்த கோப்பு, திரையில் வெறும் 'பில்.பிடிஎஃப்' என்று நிற்கும். ரசீது என்று நினைத்துத் தட்டினால் ஓடுவது ஒரு நிரல். காசு கொடுக்காமல் விண்டோஸையும் ஆபீஸையும் 'ஆக்டிவேட்' செய்து தருவதாகச் சொல்லும் நிரல்கள் இன்னொரு வேடம். அவற்றை ஓட்டும் முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், நாமும் அணைத்துவிடுகிறோம்.

மூன்றாவது வேடம் நம் ஊர்களில் மிகவும் பழகியது. பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோய்த் திரும்பி வந்து வீட்டில் செருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் பெயர் மாறாமல் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஃபோல்டர் படத்தின் இடது கீழ் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்பு. அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபி மட்டும். அவை ஷார்ட்கட்கள். உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி 'ப்ராபர்ட்டீஸ்' திறந்து 'டார்கெட்' வரியைப் படித்தால், ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'ரன்டிஎல்எல்32.எக்ஸி' அல்லது 'சிஎம்டி.எக்ஸி' என்று தொடங்கும் ஒரு கட்டளை இருக்கும். தட்டியவுடன் அந்தக் கட்டளை தீய நிரலை ஓட்டும். உடனே மறைத்து வைத்த உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். நாம் தேடிப் போன போட்டோக்கள் கண்முன்னே இருப்பதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை.

எழுப்பிவிடும் பட்டியல்கள்

கணினியை அணைத்தால் நினைவகமான ரேம் காலியாகிவிடும். ஓடிக்கொண்டிருந்த எல்லா நிரல்களும் அத்தோடு நின்றுபோகும். மறுநாள் பொத்தானை அழுத்தும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த நிரலும் தானாக எழுந்திருப்பதில்லை. ஒவ்வொன்றையும் இன்னொன்று எழுப்புகிறது. மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் முதலில் ஓடி, வட்டிலிருக்கும் பூட் லோடரை எழுப்புகிறது. பூட் லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுப்புகிறது. கெர்னல் எழுந்ததும் டிரைவர்களும் பின்னணிச் சேவைகளும் எழுகின்றன. நாம் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனதும் டெஸ்க்டாப். அதன் பின்னே வாட்ஸ்அப், ஆன்ட்டிவைரஸ், பிரிண்டர் மென்பொருள். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான நிரல்கள் இப்படி வரிசையாக விழித்துக்கொள்கின்றன.

யாரை எப்போது எழுப்ப வேண்டும் என்பதற்கு விண்டோஸ் பல பட்டியல்களை வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பகுதி, 'ஸ்டார்ட்அப்' ஃபோல்டர், 'டாஸ்க் ஷெட்யூலர்', சேவைகளின் பட்டியல், இன்ன நிகழ்ச்சி நடந்தால் இன்னதைச் செய் என்று சொல்லி வைக்கும் டபிள்யூஎம்ஐ, இவற்றோடு பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள். ட்ரோஜனுக்கு வேண்டியதெல்லாம் இவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரே ஒரு வரி. அதற்கு நிர்வாகி அனுமதிகூட எப்போதும் தேவைப்படாது. ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு 'ரன்' பகுதி உண்டு. அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் அதில் எழுதலாம். நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அதற்கும் வசதியாகிவிடுகிறது.

ஆன்ட்டிவைரஸ் நீக்கியது, வட்டிலிருந்த ஒரு கோப்பை. அதை இறக்கிக் கொண்டுவரச் சொல்லும் வரி டாஸ்க் ஷெட்யூலரில் அப்படியே இருந்தால், அடுத்த முறை உள்நுழைந்ததும் அந்த வரி இணையத்திலிருந்து புதிய பிரதியைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைக்கும். வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: கையில் வருவது தாள், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பத்து நாளில் மறுபடி முளைவிடும்.

சில ட்ரோஜன்கள் இரண்டு நிரல்களாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை உடனே எழுப்பும். 2014-இல் ஆய்வாளர்கள் விவரித்த 'பவெலிக்ஸ்' ட்ரோஜன் இன்னும் ஒரு படி மேலே போனது. வட்டில் கோப்பாக அது இருக்கவே இல்லை. தன் நிரல் முழுவதையும் ரெஜிஸ்ட்ரிக்குள் எழுத்துகளாக எழுதி வைத்து, கணினி விழிக்கும்போது நேராக நினைவகத்துக்கு ஏறிக்கொண்டது. தன் வரியின் பெயரில் வழக்கத்துக்கு மாறான ஓர் எழுத்தைச் சேர்த்திருந்ததால், விண்டோஸின் சொந்த ரெஜிஸ்ட்ரி எடிட்டரால் அந்த வரியைச் சரியாகத் திறந்து காட்ட முடியவில்லை. கோப்புகளை மட்டும் சோதிக்கும் மென்பொருளுக்கு அங்கே பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை.

இந்தப் பட்டியல்களை எல்லாம் ஒரே திரையில் பார்க்க ஒரு வழி உண்டு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. முதல்முறை திறப்பவருக்கு மலைப்பாக இருக்கும். வரிகள் அவ்வளவு இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் வரிகளை மறைக்கும் வசதியைத் தட்டினால் பட்டியல் சுருங்கும். மிச்சமிருப்பதில் மூன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியீட்டாளர் பெயர் இல்லாத வரிகள், 'ஆப்டேட்டா' அல்லது 'டெம்ப்' ஃபோல்டருக்குள்ளிருந்து ஓடுபவை, தெரிந்த பெயரைத் தெரியாத இடத்தில் வைத்திருப்பவை. 'எஸ்விசிஹோஸ்ட்.எக்ஸி' என்பது விண்டோஸின் நேர்மையான நிரல்தான். அது இருக்க வேண்டிய இடம் 'சிஸ்டம்32' ஃபோல்டர். அதே பெயரில் ஒன்று பயனரின் ஃபோல்டருக்குள்ளிருந்து எழுகிறது என்றால், அந்த வரியைச் சந்தேகிக்கலாம்.

கேட்ட இடத்திலேயே பொய்

ஆட்டோரன்ஸ் காட்டும் பட்டியலையும் எந்த அளவுக்கு நம்பலாம்? 'டாஸ்க் மேனேஜர்' என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓடும் நிரல்களை அது நேரில் பார்ப்பதில்லை, கெர்னலைக் கேட்கிறது. கெர்னல் கொடுத்த பட்டியலைத்தான் நமக்குக் காட்டுகிறது. தீய நிரல் கெர்னல் வரை இறங்கிவிட்டால், பதில் நம்மிடம் வரும் வழியிலேயே தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இப்படி மறைந்துகொள்ளும் வித்தைக்குத்தான் ரூட்கிட் என்று பெயர்.

2005 அக்டோபரில் ருசினோவிச் தன் கணினியிலேயே ஒன்றைக் கண்டார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசை சிடி ஒன்று, நகலெடுப்பதைத் தடுப்பதற்காக ரகசியமாக நிறுவிய மென்பொருள் அது. '$சிஸ்$' என்ற குறியோடு தொடங்கும் எந்தக் கோப்பையும் அது விண்டோஸின் பார்வையிலிருந்து மறைத்தது. அவர் கண்டுபிடித்த முறை எளியது, அழகானது. வட்டில் என்னென்ன இருக்கிறது என்று விண்டோஸைக் கேட்டு ஒரு பட்டியல். விண்டோஸின் வழக்கமான வழியைத் தவிர்த்து, வட்டில் பதிந்துள்ளதை நேரடியாகப் படித்து இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை என்றால், யாரோ மறைக்கிறார்கள்.

2010 பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டதும் பல விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத்திரையோடு விழுந்தன, எழுந்திருக்கவே இல்லை. அப்டேட்டின் மீதுதான் எல்லோரும் கோபப்பட்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அந்தக் கணினிகளில் 'அலூரியான்' என்ற ரூட்கிட் ஏற்கெனவே குடியிருந்தது தெரிந்தது. கெர்னலில் சில பகுதிகள் நினைவகத்தில் இன்ன முகவரியில்தான் இருக்கும் என்ற ஊகத்தில் அது எழுதப்பட்டிருந்தது. அப்டேட் அந்த முகவரிகளை நகர்த்தியது, ரூட்கிட் தவறான இடத்துக்குத் தாவியது, கணினி விழுந்தது. அதுவரை அந்தக் கணினிகள் நன்றாக வேலை செய்வதாகத்தான் உரிமையாளர்கள் நம்பியிருந்தார்கள்.

கணினியின் சொல்லை அப்படியே நம்ப முடியாது என்ற இந்த யோசனையை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். டூரிங் விருதைப் பெற்றுக்கொண்டு அவர் ஆற்றிய உரை 1984-இல் அச்சானது. மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அந்தக் கம்பைலரிலேயே இரண்டு திருட்டு வேலைகளைச் சேர்ப்பதாக அவர் விவரித்தார். உள்நுழைவு நிரலைக் கம்பைல் செய்யும்போது அதில் ஒரு ரகசிய வழியைப் புகுத்து. கம்பைலரையே மறுபடி கம்பைல் செய்யும்போது இந்த இரண்டு வேலைகளையும் அதில் புகுத்து. இப்போது கம்பைலரின் மூல நிரலிலிருந்து அந்த வரிகளை முழுவதுமாக அழித்துவிடலாம். மூல நிரலை எத்தனை பேர் எழுத்தெண்ணிப் படித்தாலும் குற்றம் தெரியாது. புதிதாகக் கம்பைல் செய்தாலும் ட்ரோஜன் திரும்பி வரும், ஏனென்றால் கம்பைல் செய்து தருவதே பழைய கம்பைலர்தான். நம் கடப்பாக்கத்து வீட்டின் சிக்கல் இதில் அதன் தூய வடிவில் இருக்கிறது. பின்னாளில் டேவிட் வீலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு சோதனையை முழுமையாக வகுத்து, 2009-இல் முனைவர் பட்ட ஆய்வாக முடித்தார். அந்தக் கம்பைலரோடு தொடர்பே இல்லாத இரண்டாவது கம்பைலரைக் கொண்டுவந்து, இரண்டின் வழியிலும் கிடைக்கும் முடிவை ஒப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம். ருசினோவிச்சின் இரண்டு பட்டியல்களைப் போல இங்கேயும் வேலை செய்வது வெளிச்சாட்சிதான்.

எல்லாத் தீய நிரல்களையும் தவறாமல் பிடிக்கும் ஓர் ஆன்ட்டிவைரஸை என்றாவது எழுத முடியுமா? முடியாது என்று 1980-களிலேயே ஃப்ரெட் கோஹன் நிறுவிக் காட்டினார். அப்படி ஒரு பிழையில்லாத சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதையே தனக்குள் வைத்துக்கொண்ட ஒரு நிரலை எழுதலாம்: 'நான் தீயவனா?' என்று அந்தச் சோதனையைக் கேட்கும். 'ஆம்' என்றால் ஒன்றும் செய்யாது, 'இல்லை' என்றால் பரவும். எந்தப் பதிலைச் சொன்னாலும் சோதனை தோற்கும். ஆன்ட்டிவைரஸ் வீண் என்பது இதற்குப் பொருளாகாது. தெரிந்தவற்றில் மிகப் பெரும்பான்மையை அது பிடிக்கிறது. 'சுத்தமாக இருக்கிறது' என்று அது சொல்லும்போது, தனக்குத் தெரிந்த எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டும் அதற்குப் பொருள்.

நின்றுபோன பிரிண்டர்

இதே கதை வங்கிகளில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2015 ஜனவரியில் வங்கதேச மத்திய வங்கி ஊழியர்கள் சிலருக்கு, வேலை கேட்டு எழுதியதைப் போல மின்னஞ்சல்கள் வந்தன. சுயவிவரத்தைப் பார்க்கத் தட்டியவர்களின் கணினியில் ட்ரோஜன் இறங்கியது. அங்கிருந்து அது மெல்ல நகர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தது. 2016 பிப்ரவரி 4 இரவு, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசத்துக்கு இருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லும் 35 உத்தரவுகள் கிளம்பின. அவற்றில் 10.1 கோடி டாலர் உண்மையிலேயே வெளியேறியது: 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்கு, 2 கோடி இலங்கைக்கு. இலங்கைக்குப் போன உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அது சந்தேகத்தைக் கிளப்ப, அந்தப் பணம் மீண்டது.

அந்தத் திருட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பிரிண்டர். ஒவ்வொரு பரிமாற்றமும் அந்த வங்கியில் தானாகவே காகிதத்தில் அச்சாகும். தீய நிரல் கணினியின் பதிவுகளைத் திருத்தியது, பிரிண்டரையும் முடக்கியது. மறுநாள் காலையில் வந்த ஊழியர்கள் அதை வழக்கமான பழுது என்றே நினைத்தார்கள். கணினி காட்டும் திரையோடு ஒப்பிட அந்த அறையில் இருந்த ஒரே வெளிச்சாட்சி அந்தக் காகிதம். திருடர்களுக்கு அது தெரிந்திருந்தது.

கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கியும் 2018 பிப்ரவரியில் இத்தகைய தாக்குதலைச் சந்தித்தது. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலருக்கு மூன்று போலிப் பரிமாற்றங்கள் வங்கியின் பெயரில் கிளம்பியிருந்தன. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, பிப்ரவரி 7 அன்று கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த வழக்கமான வேலை. நம் பாட்டன் காலத்துக் கணக்குப்பிள்ளையும் இரண்டு பேரேடுகளை ஒப்பிட்டுத்தான் குறையைப் பிடித்தார்.

கூடங்குளத்தின் ஒரு கணினி

கடப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அணுமின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிற கடற்கரை இது. அதனால் 2019 அக்டோபரில் கூடங்குளத்திலிருந்து வந்த செய்தியை இங்கே யாரும் தொலைதூரச் செய்தியாகப் படித்திருக்க முடியாது. 'டிட்ராக்' என்ற ட்ரோஜனின் ஒரு பிரதி அந்த மாத இறுதியில் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. அதற்குள் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் சுருக்கப் பெயர் எழுதப்பட்டிருந்தது. முதலில் நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்திருந்தது, நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தொற்று இருந்தது, உலையை இயக்கும் அமைப்புகள் அந்த வலையிலிருந்து தனியே பிரிக்கப்பட்டவை, பாதிக்கப்படவில்லை.

டிட்ராக் என்ன செய்யும் என்பதை காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே விவரித்திருந்தார்கள். விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யும், பிரவுசரில் எங்கெல்லாம் போனோம் என்று எடுக்கும், ஓடும் நிரல்களையும் வட்டிலுள்ள கோப்புகளையும் பட்டியலிடும். ஒன்றையும் உடைக்காது, அமைதியாக வேடிக்கை பார்க்கும். வீட்டுக்கு வரும் ட்ரோஜன்களில் பலவும் செய்வது இதையேதான். 'கணினி நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது அதனால் ஆறுதலாகாது. கவனிக்கப்படாமல் இருப்பதுதான் அதன் தொழில்.

பழைய தொற்று என்று விட்டுவிடவும் கூடாது. மேலே சொன்ன பென் டிரைவ் வித்தையைப் பெருமளவில் செய்தது 'ஆண்ட்ரோமீடா' என்ற தீய நிரல். அதை இயக்கிய வலையை 2017 நவம்பரில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து கலைத்தன. ஆனாலும் அதன் பிரதிகள் பழைய பென் டிரைவ்களில் தங்கிவிட்டன. 2021 டிசம்பரில் உக்ரைனில் ஒருவர் அப்படி ஒன்றைச் செருகினார். பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த நிரல் எழுந்து, தன் பழைய இணைய முகவரிகளைத் தேடியது. காலாவதியாகிக் கிடந்த அந்த முகவரிகளில் ஒன்றை, 2022 ஜனவரியில் வேறொரு உளவுக் கூட்டம் புதிதாகப் பதிவு செய்துகொண்டது. தங்கள் நிரலே இல்லாத ஒரு தொற்றின் வழியாக அவர்கள் உள்ளே வந்தார்கள். நம் அலமாரியில் கிடக்கும் பென் டிரைவுக்கும் இது பொருந்தும்.

வெளியிலிருந்து சுத்தம்

இவ்வளவும் தெரிந்த பிறகு, என்ன செய்வது என்பது தானாகவே வரிசையாகிறது.

முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வைஃபையில் மட்டும் இணைந்த கணினி என்றால் அதை நிறுத்தினாலே போதும். புதிய பிரதி வருவதும் நம் தகவல்கள் வெளியே போவதும் அத்தோடு நிற்கும். அடுத்து, சந்தேகமில்லாத வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். தொற்றுள்ள கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் அப்போதே போய்விடும். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுதான். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியையும் தட்டுங்கள். ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான குக்கியைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது. பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த அந்த ஆரம்ப நேரம்தான் வாய்ப்பு.

பிறகு சோதனை. விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் வகைகளில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி அணைந்து எழுந்து, வழக்கமான விண்டோஸை எழுப்பாமலேயே வட்டைச் சோதிக்கும். ட்ரோஜன் ஓடாமல் கிடக்கும்போது நடக்கும் சோதனை அது. பொய்ப் பட்டியல் கொடுக்க அப்போது அங்கே ஆளில்லை. பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஏற்றினாலும் இதே பலன் உண்டு. அந்தப் பார்வையில் விண்டோஸின் ட்ரோஜன் வட்டில் தூங்கும் ஒரு கோப்பு மட்டுமே. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையம், தொற்றை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அவற்றைச் செய்து தந்தவற்றில் 1991-இல் தொடங்கிய சென்னை நிறுவனமான கே7-உம் ஒன்று. தொற்றுள்ள கணினிகளை அடையாளம் கண்டு, இணைய இணைப்பைத் தரும் நிறுவனங்கள் வழியாக உரிமையாளருக்கு எச்சரிக்கை அனுப்புவதும் அந்த மையத்தின் வேலை.

சுத்தம் செய்த பிறகும் அது திரும்பி வந்தால், இனி ஒவ்வொரு வரியாகத் துரத்துவதில் பயனில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். இங்கேதான் பலரும் பாதியில் விடுகிறோம். கடையில் கொடுத்தால் பெரும்பாலும் 'சி' டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து தருவார்கள்; போட்டோக்கள் இருக்கும் 'டி' டிரைவ் அப்படியே இருக்கும். அந்த டிரைவில் கிடக்கும் பழைய ஆக்டிவேட்டரையோ ஷார்ட்கட்டையோ மறுபடி தட்டினால், புது விண்டோஸிலும் அதே கதை. அதனால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் தனியே எடுத்து வைத்துச் சோதித்துக்கொண்டு, ஓடும் நிரல் எதையும் எடுக்காமல், எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டுப் போடச் சொல்ல வேண்டும். போடும் பென் டிரைவை வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து தயாரிக்க வேண்டும். எட்டு ஜிபி பென் டிரைவ் போதும். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். கூகுள் கணக்கோடு ஒத்திசைந்து தீய எக்ஸ்டென்ஷன் புதுக் கணினிக்கும் கூடவே வரக்கூடும். மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே குடியேறும் 'லோஜாக்ஸ்' போன்றவை 2018-இல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். அவை பெரும்பாலும் அரசுகளையும் தூதரகங்களையும் குறிவைப்பவை. வீட்டுக் கணினிக்கு, முழுமையாகச் செய்த ஃபார்மட் அநேகமாக எப்போதும் போதுமானது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி என்றால், திருட்டு ஆக்டிவேட்டரைத் தேடுவதைவிட லினக்ஸுக்கு மாறுவது மேல். சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ், அரசின் விலையில்லா மடிக்கணினிகளோடு நம் பிள்ளைகள் பலருக்கு அறிமுகமானதுதான்.

இவ்வளவு செய்யும் வீடுகளும் ஒன்றைச் செய்யத் தயங்குகின்றன: மற்றவர்களிடம் சொல்வது. ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கம் நம்மைத் தடுக்கிறது. மத்திய வங்கியின் ஊழியர் தட்டியிருக்கிறார், அணுமின் நிலையத்தின் கணினியிலும் தொற்று இருந்திருக்கிறது. ஒரு மாணவியோ அறை வாடகைக்கு விடும் ஒரு தாத்தாவோ தட்டியதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? யாருடைய பென் டிரைவ் நம் கணினியில் செருகப்பட்டது, நம்முடையது எங்கெல்லாம் போய் வந்தது என்பது நமக்குத்தான் தெரியும். ஜெராக்ஸ் கடை அண்ணனிடமும், பக்கத்து வீட்டு அக்காவிடமும், பள்ளிக்கூட டீச்சரிடமும் சொல்லிவிட்டால், அவர்களின் கணினிகள் அவர்களுக்குச் சொல்லாததை நாம் சொன்னதாகும். தொற்றுள்ள கணினியால் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாதபோது, ஒருவருக்கொருவர் அந்தச் சாட்சியாக இருக்க ஓர் ஊரால் முடியும்.